கலிபோர்னியாவின் 11% துப்பாக்கி வரி: அந்தப் பணம் நம்ம ஊருக்கு எப்படி வந்து சேரும்?

கேள்வி | சான்வாக்கின்_வாசகி

எல்லோருக்கும் வணக்கம். மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு நடுத்தர நகரத்தில் இருக்கிறோம். ஆண்டுக்குப் பத்துக்கும் குறைவான கொலைகள்தான். ஆனால் பெரும்பாலானவை துப்பாக்கியால், அதுவும் இரண்டு மூன்று தெருக்களுக்குள்ளேயே நடப்பவை. அடுத்த மாதம் நகரசபையில் பட்ஜெட் கூட்டம். போன கூட்டத்தில் ஒரு உறுப்பினர், "துப்பாக்கி வரிப் பணம் வருகிறது, அதை வைத்துப் புதிதாகப் போலீஸ்காரர்களை எடுக்கலாம்" என்றார். இன்னொருவர், அந்தப் பணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் என்றார்.

இந்த வரியைக் கொண்டுவந்த ஏபி 28 சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்.

1. வரி உண்மையில் எதன் மீது, யார் கட்டுவது, பணம் எந்த வரிசையில் பிரிகிறது?
2. இங்கே இளைஞர்களோடு வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அவர்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா, நகராட்சி வழியாகத்தான் போக வேண்டுமா?
3. நீதிமன்றங்களுக்கும் ஒரு பங்கு என்று இருக்கிறது. நீதிமன்றத்துக்கு இதில் என்ன வேலை?

கூட்டத்தில் மூன்று நிமிடம்தான் பேசவிடுவார்கள். தப்பாகப் பேசி அந்த நேரத்தை வீணாக்க மனமில்லை.

---

பதில் 1 | வரிக்கணக்கன்

முதல் கேள்விக்கு மட்டும் நான்.

ஏபி 28ஐக் கொண்டுவந்தவர் சட்டமன்ற உறுப்பினர் ஜெஸ்ஸி கேப்ரியல். ஆளுநர் நியூசம் 2023 செப்டம்பர் 26 அன்று கையெழுத்திட்டார், வரி 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. புதிய வரி என்பதால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது: 80 பேர் அவையில் 54, 40 பேர் அவையில் 27. இதற்கு முன் இதே மாதிரி மசோதாக்கள் அந்த எண்ணிக்கையை எட்டாமல்தான் விழுந்தன.

வரி மூன்று பொருள்களின் சில்லறை விற்பனை மீது: துப்பாக்கி, தோட்டா, முழுமையாகச் செய்து முடிக்காத துப்பாக்கி உடல்பாகம் (வீட்டிலேயே முடித்துக்கொள்கிற வகை). உறை, தொலைநோக்கி, பாதுகாப்புப் பெட்டி போன்ற துணைச் சாமான்களுக்குக் கிடையாது. சட்டப்படி வரி கட்ட வேண்டியவர் கடைக்காரர், வாங்குபவர் அல்ல. சில கடைகள் பில்லில் தனி வரியாகக் காட்டும், சில விலைக்குள்ளேயே அடக்கிவிடும்.

800 டாலர் கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இந்த வரி 88 டாலர். மாநிலத்தின் பின்னணிச் சோதனைக் கட்டணம் 37.19 டாலர் வேறு, பாதுகாப்புத் தேர்வுச் சான்றிதழுக்கு 25 டாலர் வேறு, விற்பனை வரி வேறு. இவற்றை எல்லாம் சேர்த்து "துப்பாக்கி வரி" என்று பேசுகிறவர்கள் உண்டு. கூட்டத்தில் அந்தக் குழப்பம் வந்தால் 88 மட்டும்தான் ஏபி 28 என்று பிரித்துச் சொல்லுங்கள்.

இதே பொருள்கள் மீது நெடுங்காலமாக ஒன்றிய அரசின் வரியும் இருக்கிறது: கைத்துப்பாக்கிக்கு 10%, மற்றத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாவுக்கும் 11%. அது தயாரிப்பாளர், இறக்குமதியாளர் மட்டத்திலேயே வசூலாகி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. அதில் ஒரு காசும் உங்கள் நகரசபைக்கு வராது.

விலக்குகள் இரண்டு. பணியிலிருக்கும் அல்லது ஓய்வுபெற்ற காவலர்களுக்கும் காவல்துறைகளுக்கும் விற்பது. அடுத்தது, ஒரு காலாண்டில் இந்தப் பொருள்களின் மொத்த விற்பனை 5,000 டாலருக்குக் கீழே இருக்கும் கடை. மாநில வரி மற்றும் கட்டண நிர்வாகத் துறையில் பதிவு செய்து, காலாண்டு முடிந்த அடுத்த மாதத்தின் கடைசித் தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

சட்டம் வரும்போது சொன்ன வருமான மதிப்பீடு ஆண்டுக்கு ஏறக்குறைய 16 கோடி டாலர். அது பொது நிதியில் கலக்காமல் தனி நிதிக்குப் போகிறது. பிரியும் முறை ஆற்றுப்பாசனம் மாதிரி: தலைமடை நிறைந்த பிறகுதான் அடுத்த மடை.

முதல் 7.5 கோடி, வன்முறைத் தலையீட்டு மானியமான கால்விப்புக்கு. அடுத்த 5 கோடி, கல்வித் துறைக்குப் பள்ளிப் பாதுகாப்புக்காக. அடுத்த 1.5 கோடி, நீதிமன்ற உத்தரவால் துப்பாக்கி வைத்திருக்கத் தடை பெற்றவர்களிடமிருந்து ஆயுதத்தைத் திரும்பப் பெறும் திட்டத்துக்கு. அதன் பிறகுதான் துப்பாக்கிக் குற்றப் புலனாய்வு, பாதிக்கப்பட்டோர் ஆலோசனை, பல்கலைக்கழக ஆராய்ச்சி எல்லாம். விற்பனை மந்தமான ஆண்டில் காய்வது கடைமடைதான்.

ஆகவே இரண்டு உறுப்பினர்கள் சொன்னதுமே சரியில்லை. புதிய போலீஸ் நியமனத்துக்கென்று இந்த வரிசையில் தனி மடை எதுவும் கிடையாது. பள்ளிக்கூடம் இரண்டாவது மடை, முழுத் தொகையும் அல்ல.

---

பதில் 2 | மானிய_மேசை

கணக்கன் ஐயா நன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். நான் கால்விப் பற்றி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன அமைப்புகள் தடுக்கி விழுவது இங்கேதான்.

மானியத்தை நடத்துவது மாநில மற்றும் சமூகச் சீர்திருத்த வாரியம் (பிஎஸ்சிசி). கால்விப் 2017 பட்ஜெட்டில் இந்தப் பெயருக்கு வந்தது, 2019இல் ஏபி 1603 அதைச் சட்டமாக்கியது. அது 2025 தொடக்கத்தில் காலாவதியாக வேண்டியது. 2023இல் ஏபி 762 நிரந்தரமாக்கி, நகரங்களோடு கவுண்டிகளையும் பழங்குடி அரசுகளையும் சேர்த்தது.

தொண்டு நிறுவனம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். நகராட்சியின் தயவு சட்டப்படி தேவையில்லை. ஆனால் அது வேலை செய்யும் ஊர் தகுதியுள்ள ஊராக இருக்க வேண்டும். சட்டத்தில் உள்ள அளவுகோல் மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டாவது 20 அல்லது அதற்கு மேல் கொலை. அல்லது 10 அல்லது அதற்கு மேல், கூடவே கொலை விகிதம் மாநில விகிதத்தைவிட 50% அதிகம். உங்கள் ஊர் இந்த இரண்டிலும் நிற்காது.

மூன்றாவது வாசல் ஒன்று திறந்திருக்கிறது: எண்ணிக்கையில் வராவிட்டாலும், வலுவான தேவை இருப்பதை நிரூபிக்கும் ஊர். சின்ன ஊர்கள் இந்த வாசலில் வெறும் உருக்கமான கடிதத்தோடு போய் நின்றுவிடுகின்றன. அங்கே கேட்பது கணக்கு. கொலையை மட்டும் எண்ணாதீர்கள். குண்டடிபட்டுப் பிழைத்தவர்களின் எண்ணிக்கையைப் போலீஸிடமும் மருத்துவமனையின் விபத்துப் பிரிவிடமும் கேளுங்கள், அது கொலையைப் போலப் பல மடங்கு இருக்கும். மூன்று ஆண்டுச் சம்பவங்களையும் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். நீங்கள் சொன்ன அந்த இரண்டு மூன்று தெருக்கள் அந்தப் படத்தில் கருத்துத் தெரிந்தால், ஊர் முழுவதன் சராசரி மறைத்த தேவை வெளியே வந்துவிடும்.

அடுத்தது திட்டத்தின் உள்ளடக்கம். அண்மை எதிர்காலத்தில் சுடவோ சுடப்படவோ அதிக வாய்ப்புள்ள சிறு எண்ணிக்கையினர் மீது கவனம் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் வார்த்தை. கூடைப்பந்துப் போட்டி, விழிப்புணர்வு ஊர்வலம், ஊரில் உள்ள எல்லாப் பதின்ம வயதினருக்கும் வழிகாட்டல் என்று எழுதினால் மதிப்பெண் விழாது. அவை நல்ல காரியங்கள், இந்த மானியத்துக்கானவை அல்ல. எழுத வேண்டியது மூன்று கேள்விக்கான பதில்: ஆபத்தில் இருக்கும் அந்த முப்பது நாற்பது பேரை எப்படி அடையாளம் காண்பீர்கள், அவர்களிடம் யார் போய்ப் பேசுவார்கள், பேசிய பிறகு அவர்கள் கைக்கு என்ன கொடுப்பீர்கள்.

பார்த்துக் கற்க இந்த மாநிலத்திலேயே மாதிரிகள் உண்டு. ரிச்மண்ட் நகரம் 2007இல் போலீஸிலிருந்து தனியாக ஓர் அலுவலகம் திறந்து, சுடக்கூடியவர்கள் என்று தெரிந்த இளைஞர்களிடம் நேரடியாகப் போனது. ஓக்லண்டின் சீஸ்ஃபயர் என்ற வன்முறைத் தடுப்புத் திட்டம் 2012இல் மறுபடி தொடங்கியது. அதைப் பற்றி 2019இல் வந்த ஆய்வு, துப்பாக்கிக் கொலைகளில் சுமார் 31% குறைவை அந்தத் திட்டத்தோடு இணைத்தது. பின்னர் அந்தத் திட்டம் தளர்ந்தபோது ஓக்லண்டில் கொலைகள் மீண்டும் ஏறியதையும் சேர்த்தே படியுங்கள். இந்த வேலை ஒரு தடவை செய்து முடிப்பதல்ல.

நகராட்சி விண்ணப்பித்தால் முக்கியமான நிபந்தனை: கிடைக்கும் தொகையில் பாதிக்குக் குறையாமல் சமூக அமைப்புகளுக்கோ, காவல்துறை அல்லாத பொது அமைப்புகளுக்கோ போக வேண்டும். அந்த உறுப்பினரின் "போலீஸ் எடுக்கலாம்" பேச்சுக்குச் சட்டம் தரும் நேர்ப்பதில் இதுதான். இன்னொன்று, ஏற்கெனவே பட்ஜெட்டில் இருக்கும் செலவை மானியத்துக்கு மாற்றி, மிச்சமான நகரப் பணத்தை வேறு பக்கம் திருப்புவதற்கு அனுமதி இல்லை.

இப்போது யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம். பணம் பொதுவாக முன்னால் வராது. நீங்கள் செலவு செய்து, காலாண்டுக்கு ஒருமுறை ரசீதுகளோடு பில் அனுப்பி, அவர்கள் சரிபார்த்த பிறகு திருப்பித் தருவார்கள். நான்கு களப்பணியாளர்கள் வைத்த நிறுவனத்தைக் கணக்கிடுங்கள். மூன்று மாதச் சம்பளம், அதற்குப் பின் பில் தயாரிக்க ஒரு மாதம், பணம் வர இன்னும் ஒன்று. குறைந்தது ஐந்து மாதச் சம்பளத்தைக் கையிலிருந்து போட்டுத் தாங்க வேண்டும். மானியம் கிடைத்த சந்தோஷத்தில் ஆள் எடுத்துவிட்டு, நான்காம் மாதம் சம்பளம் கொடுக்க முடியாமல் போனால், களப்பணியாளர் போய்விடுவார். அவரை நம்பி வந்த பையன்களும் அவரோடு போய்விடுவார்கள்.

உங்கள் மூன்று நிமிடத்தில் இதைக் கேளுங்கள்: "நகராட்சி போலீஸுக்கு எவ்வளவு கேட்கப்போகிறது" என்பதைவிட, "தொண்டு நிறுவனத்துக்குச் சுழல்நிதியாக ஐந்து மாதச் செலவை நகராட்சி முன்பணம் தருமா, மானியம் வந்ததும் திருப்பித் தந்துவிடுவோம்" என்று. புதுச் செலவு அல்ல என்பதால் நிதி அதிகாரி மறுக்கக் காரணம் குறைவு.

விண்ணப்பத்தோடு இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும், மதிப்பீட்டு ஆய்வுக்குப் பட்ஜெட்டில் தனியாக ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். அருகிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வாளரை இப்போதே பேசி வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு தேடினால் எல்லோரும் அதே நான்கு பேரைத்தான் தேடுவார்கள்.

---

பதில் 3 | கோர்ட்_வராந்தா

சகோதரி, மூன்றாவது கேள்விக்கு.

குடும்ப வன்முறைத் தடையாணையோ, துப்பாக்கி வன்முறைத் தடையாணையோ (ஜிவிஆர்ஓ) வந்தால், அந்த நபர் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் ஒப்படைக்க வேண்டும். ஆணையைக் கையில் கொடுக்கும் அதிகாரி கேட்டால் அங்கேயே, இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸிடமோ உரிமம் பெற்ற கடையிலோ. ஒப்படைத்ததற்கான ரசீதை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஜிவிஆர்ஓவில் அந்த ரசீதின் பெயர் ஜிவி-800.

எல்லாம் அறுந்துபோகும் இடம் அந்த ஒற்றைத் தாள். நீதிபதி கையெழுத்திடுகிறார், ஷெரிஃப் ஆணையைக் கொடுக்கிறார், 48 மணி நேரம் கடந்து ஜிவி-800 வரவில்லை. அது வரவில்லை என்பதைக் கவனிப்பது யாருடைய வேலை? எழுத்தருக்கு அன்றைக்கு நூறு கோப்பு. போலீஸுக்கு யாரும் சொல்லவில்லை. துப்பாக்கி அதே அலமாரியில் இருக்கிறது, ஆணை கிடைத்த கோபத்தோடு ஒருவர் அதே வீட்டில் இருக்கிறார். தடை இருந்தும் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் மாநிலப் பட்டியல் பல ஆண்டுகளாக 20,000 பேருக்கு மேலேயே நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அந்த 1.5 கோடி இதற்காகத்தான். ரசீது வராத கோப்புகளைத் தினமும் எடுத்துப் பார்க்க ஒரு ஆள், அவர் சொன்னதும் போய்க் கதவைத் தட்ட ஒரு அதிகாரி, ஒப்படைத்ததைப் பூட்டி வைக்க இடம். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் நடக்கும். உங்கள் கவுண்டி உயர் நீதிமன்றத்தில் போய், ரசீது வராத கோப்புகளைப் பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொன்னார்கள் என்றால் நல்லது.

ஜிவிஆர்ஓ பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. 2014 மே மாதம் ஐலா விஸ்டாவில் நடந்த படுகொலைக்குப் பிறகு இயற்றிய சட்டம், 2016 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. முதலில் குடும்பத்தாரும் போலீஸும் மட்டும் கேட்கலாம் என்றிருந்தது. 2020 செப்டம்பரிலிருந்து முதலாளி, உடன் பணிபுரிபவர், ஆசிரியர்களும் கேட்கலாம், அவர்களுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் நேரடியாகக் கேட்க முடியாது, போலீஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

விண்ணப்பப் படிவம் ஜிவி-100. கட்டணம் இல்லை. தற்காலிக ஆணை 21 நாள், அதற்குள் விசாரணை. விசாரணைக்குப் பின் ஓர் ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை. உடனடி ஆபத்து என்றால் படிவம் நிரப்பிக்கொண்டிருக்காமல் போலீஸைக் கூப்பிடுங்கள், அவர்கள் நீதிபதியை எந்த நேரத்திலும் தொலைபேசியில் எழுப்பி அவசர ஆணை வாங்க முடியும்.

மனு தள்ளுபடியாவதற்கு நான் அடிக்கடி காணும் காரணம், "அவருக்குக் கோபம் அதிகம், பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதுவது. தேதி, சொன்ன வார்த்தை, யார் கேட்டார்கள், குறுஞ்செய்தியின் படம், அண்மையில் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கினாரா: இவைதான் வேண்டும். மிரட்டல் கடந்த ஆறு மாதத்துக்குள் நடந்திருந்தால் அதற்கு எடை அதிகம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஜிவிஆர்ஓ ஆயுதத்தை மட்டும் எடுக்கும். "கிட்டே வராதே" என்று அது சொல்லாது. அடி வாங்கும் பெண்ணுக்குத் தேவை குடும்ப வன்முறைத் தடையாணை, அதில் இரண்டும் அடங்கும். அப்படி ஓர் ஆணைக்கு உள்ளானவர்களிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 21 அன்று ரஹீமி வழக்கில் 8-1 என்று உறுதி செய்தது.

---

பதில் 4 | கடைமடை

மேலே எழுதியவர்களோடு எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்த வரியை நம்பி ஐந்து ஆண்டுத் திட்டம் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டும்.

சியாட்டில் 2016இல் துப்பாக்கிக்கு 25 டாலரும் தோட்டாவுக்கு 2 முதல் 5 சென்ட்டும் வரி போட்டது. எதிர்பார்த்தது ஆண்டுக்கு 3 முதல் 5 லட்சம் டாலர். முதல் ஆண்டில் வந்தது ஏறக்குறைய ஒரு லட்சம். நகர எல்லையைத் தாண்டினால் வரி இல்லை என்பதால் கடையும் வாங்குபவரும் எல்லை தாண்டினார்கள். கலிபோர்னியாவில் மாநிலம் முழுக்க வரி என்பதால் அந்த ஓட்டை சிறியது. ஆனால் துப்பாக்கி விற்பனை தேர்தல், கலவரம், புதுச் சட்டப் பயம் இவற்றோடு ஏறி இறங்கும் சந்தை. 2020இல் நாடெங்கும் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கியது. அதன் மேல் நிற்கும் வருமானமும் அப்படித்தான் ஆடும்.

நீதிமன்றப் பக்கமும் இருக்கிறது. இல்லினாயில் குக் கவுண்டி துப்பாக்கிக்கு 25 டாலர் வரி போட்டிருந்தது. 2021இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. வன்முறையின் செலவை ஈடுகட்டவே வரி என்று சொல்லிவிட்டு, வசூலான பணத்தை அந்த நோக்கத்தோடு கட்டிப்போடவில்லை என்பது காரணம். கலிபோர்னியா தனி நிதி வைத்து மடை மடையாக எழுதியதன் அருமை அந்தத் தீர்ப்பைப் படித்தால் புரியும். இருந்தும் வரி தொடங்கிய அதே வாரத்தில், 2024 ஜூலையில், சான்டியேகோ நீதிமன்றத்தில் வழக்கு போட்டுவிட்டார்கள். அடிப்படை உரிமை ஒன்றைத் தனியாகப் பிடித்து வரி போடலாமா என்பதுதான் வாதம்.

கொலராடோவையும் பாருங்கள். அங்கே வாக்காளர்கள் 2024 நவம்பரில் 6.5% வரியை ஏற்றார்கள், 2025 ஏப்ரல் 1 முதல் அமல். தலைமடை முதல் 3 கோடி டாலர், குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் சேவைக்கு. ஒன்றிய அரசின் உதவி சுருங்கிக்கொண்டே வந்ததை அடைக்கத்தான் அப்படி வைத்தார்கள். இங்கேயும் அதே நெருக்கடி உண்டு: 2025 ஏப்ரலில் ஒன்றிய நீதித்துறை நடந்துகொண்டிருந்த மானியங்கள் பலவற்றைப் பாதியில் நிறுத்தியது, அவற்றில் சமூக வன்முறைத் தலையீட்டுத் திட்டங்களும் இருந்தன.

என் ஆலோசனை: களப்பணியாளர் சம்பளத்தில் ஒரு பகுதியை மாநிலத்தின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கால் வழியாகப் பாருங்கள். 2022 ஜூலையிலிருந்து சமூக நலப் பணியாளர் சேவையின் கீழ் வன்முறைத் தடுப்பும் வருகிறது. தொகை சிறிது, ஆவணம் அதிகம். ஆனால் துப்பாக்கி விற்பனை ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது.

---

சான்வாக்கின்_வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. முன்பணச் சுழல்நிதிக் கேள்வியைத்தான் கேட்கப்போகிறேன். கூடவே ஒன்று: இரண்டாவது மடை 5 கோடி பள்ளிகளுக்கு என்றால், பெற்றோராக எங்கே போய்ப் பேசுவது? பள்ளி முதல்வர் கேமராவும் வேலியும் வாங்கலாம் என்கிறார்.

---

மானிய_மேசை

சட்டம் பள்ளிக் கட்டடத்தின் பாதுகாப்பு மதிப்பீட்டை மட்டும் சொல்லவில்லை. பள்ளிக்குப் பிந்தைய நேரத் திட்டங்கள், மனநல சேவைகளும் அந்த 5 கோடியின் நோக்கத்தில் உண்டு. ஆகவே கேமராதான் ஒரே வழி என்று ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பேச வேண்டிய இடம் பள்ளியின் விரிவான பாதுகாப்புத் திட்டம். ஒவ்வொரு பள்ளியும் அதை ஆண்டுதோறும் மார்ச் 1க்குள் திருத்த வேண்டும். ஏற்கும் முன் பள்ளியிலேயே பொதுக் கூட்டம் வைத்துப் பெற்றோரின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கூட்டம் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் நாலு பேரோடு நடந்து முடிந்துவிடும். தேதியை டிசம்பரிலேயே அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். கையில் போன ஆண்டுத் திட்டத்தின் நகலை எடுத்துப் போய், மனநல ஆலோசகர் வாரத்தில் எத்தனை நாள் என்ற வரியைத் தேடுங்கள். பல பள்ளிகளின் திட்டத்தில் அந்த வரியே இருக்காது.

இன்னொன்று: 2023-24 கல்வியாண்டிலிருந்து, வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் சட்டம் பற்றிய அறிவிப்பு பெற்றோருக்கு ஆண்டு தோறும் வர வேண்டும். உங்கள் பள்ளியின் ஆண்டு அறிவிப்புக் கட்டில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நாற்பது பக்கம் தாண்டிச் சின்ன எழுத்தில் இருந்தால், தமிழிலும் ஸ்பானிய மொழியிலும் தனித்தாளாக அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு எந்த மானியமும் தேவையில்லை, அடுத்த வாரமே செய்யலாம்.